புதுப்பிப்பு: விடிவதற்குள் இறங்கும் பேட்டரி

மின் இணைப்பே இல்லாத எங்கள் பண்ணை வீட்டில் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது, சோலார் பேனல் கூட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூட்டவில்லை. சிலர் சொன்னபடி இன்வெர்ட்டரை அளந்தேன்: எதுவும் ஓடாதபோதே 40 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க 960 வாட்-மணி, கிட்டத்தட்ட ஒரு யூனிட் சும்மா போகிறது! இப்போது விளக்குகள் நேராக 12 வோல்ட்டில்; அதற்குக் கம்பிதான் தடிமனாகப் போட வேண்டியிருந்தது. இரவில் இன்வெர்ட்டருக்கு ஓய்வு. ஈய அமில பேட்டரி பாதிக்குக் கீழே இறங்குவதில்லை, ஆயுளுக்கு அது நல்லது.

அப்புறம் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் கணக்குப்படி 1,000 லிட்டர். முதல் நீரைத் தள்ளிவிடத் தனிக் குழாய் வைத்தாயிற்று. அதில் சேரும் பறவை எச்சத்தையும் சருகையும் பார்த்தால் தொட்டிக்குள் விட மனசு வராது. காய்கறியில் தன்னிறைவு? இன்னும் தூரம்.