சவரக்கத்தியை வாரில் தேய்ப்பதற்கு ஒரு வினைச்சொல்

நண்பர்களுக்கு,
முதுசொமாகக் கைக்கு வந்த பழைய மடக்குச் சவரக்கத்தியைப் பேணுவது பற்றிய கையேடு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதுகு, வாய் (கூரான பக்கம்), வால் என உறுப்புகளுக்குச் சொல் உண்டு. வினையில்தான் முட்டுகிறது. 1000, 4000, 8000 என நுண்மை எண் கொண்ட கற்களில் தேய்த்தால் எஃகு கரையும், எப்போதாவது செய்வது. தோல்வாரில் தேய்த்தால் சாய்ந்த கூர் நிமிரும், எஃகு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை மழிக்குமுன்பும் 40, 50 இழுப்பு. தமிழில் இரண்டும் 'தீட்டுதல்'. "தினமும் தீட்டவும்" என்று போட்டால் பேரப்பிள்ளை கல்லை எடுத்துக் கத்தியையே கரைத்துவிடுவான்.

-----
கல்லுக்குச் 'சாணை பிடித்தல்', தோலுக்கு 'வார் பிடித்தல்'. முடிந்தது.

-----
> சாணை பிடித்தல்
வேண்டாம் ஐயா. சாணை என்றதும் சுழலும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். மெல்லிய வாய் அதில் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. கை அசைவில், முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தைத் தருவதே முதுகின் தடிமன்தான். 'கல்லில் தீட்டல்' போதும். தவிர, சாணை வடசொல்.

-----
வடசொல்லை விலக்குவதென்றால் 'சவரம்' மட்டும் ஏன்? அதுவும் க்ஷௌரம்தானே. 'மழிகத்தி' என்போம். "மழித்தலும் நீட்டலும்" படித்த எவருக்கும் புரியும்.
தோலுக்கு 'வார்தல்' என்ற ஒரு சொல்லே போதும். "வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள" என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நெடுமை தோல்பட்டைக்கு, நேர்பு கூர் நிமிர்வதற்கு. கருவியும் செயலும் ஒரே வேரில்!

-----
அழகுதான். ஆனால் ஏவலாக எழுதிப் பாருங்கள். "கத்தியை வார்க்கவும்" என்றால் எஃகை உருக்கி அச்சில் ஊற்றுவான். "வாரவும்" என்றால் தலை சீவுவது. கால் வாருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
'நீவல்' எப்படி? வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே, வாய் பின்னே போக, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தாமல் நீவ வேண்டும். வார் தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். கடைசியில் முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாயின்மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் கெடும்.

-----
நீவுவது சுளுக்குக்கு.

-----
அந்த மென்மைதான் ஐயா தேவை. 'தேய்' என்றாலே கை அழுத்திவிடுகிறது.

-----
இடையில் ஒன்று. கைப்பிடிக்கே வாய் மடங்குவதால் 'உறைப்பிடி' என்றால் என்ன?

-----
ஆபத்து. உறை என்று படித்தவர் ஈரத்தோடு மடக்கி வைத்துவிடுவார். பழைய பிடி செல்லுலாய்டாக (பழைய வகை நெகிழி) இருந்தால் இன்னும் மோசம்: அது சிதையத் தொடங்கினால் கசியும் ஆவியே எஃகை அரிக்கும். அப்படிப்பட்ட பிடியைக் கழற்றி, நெருப்பு அண்டாமல் தனியே வைக்க வேண்டும். 'கைப்பிடி' என்றே இருக்கட்டும்.

-----
'கல்லில் தீட்டல்', 'வாரில் நீவல்', 'சவரக்கத்தி', 'கைப்பிடி' என்று அனுப்புகிறேன். நால்வர் இசைவு, மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று கொள்கிறேன்.

-----
நான் களைக்கவில்லை. அடிக்குறிப்பிலாவது 'வார்தல்' இடம்பெறட்டும். 'மழிகத்தி'யை ஏன் விட்டீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.