சார்ஜ் ஏற மாட்டேங்குது, உளுந்தூர்பேட்டை கிட்ட நிக்கிறேன், அவசரம்

மதுரக்காரன்_தாம்பரம் | சனி இரவு 10:42
சார்ஜ் ஏற மாட்டேங்குது. எலக்ட்ரிக் காரு, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பங்க்ல நிக்கிறோம். மூணு தடவ போட்டுப் பாத்தாச்சு. ஆப்ல பச்சைதான் காட்டுது. காலைல 9 மணிக்கு அழகர்கோயில்ல அக்கா பையனுக்கு காதுகுத்து, நான்தான் தாய்மாமன். யாராச்சும் உடனே சொல்லுங்க ப்ளீஸ்.

நொய்யல்கரை | 10:44
ஏனுங்க, என்ன வண்டி, எத்தன பர்சன்ட் இருக்குது, வண்டில சொருகுற கன்னு ஏசியா (மெதுவா ஏறுறது) டிசியா (வேகமா ஏறுறது), ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்குது? காதுகுத்து யாருக்குன்னு சொன்னீங்க, இதுல ஒண்ணும் சொல்லலீங்களே.

பச்சைநம்பர் | 10:45
வேலட் பேலன்ஸ்தான். 100 சொச்சம் இருந்தா சில ஆப் ஸ்டார்ட்டே பண்ணாது, ஏன்னும் சொல்லாது. 500 போட்டுட்டு மறுபடி பாருங்க. எனக்கு ரெண்டு தடவ இதான் ஆச்சு.

ஈவி_குரு | 10:49
நண்பரே, பதற்றம் வேண்டாம். நான் 1,12,000 கி.மீ. மின்காரில் ஓட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதில்லை. ஆப்பில் பச்சை காட்டினால் சார்ஜர் வேலை செய்கிறது என்று பொருள் அல்ல. அது கடைசியாக சர்வருடன் பேசியபோது நன்றாக இருந்தது என்று மட்டுமே பொருள். கிளம்புவதற்கு முன் அந்த சார்ஜரில் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பார்ப்பது அடிப்படை. இதை முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கவும்.

விக்கிரவாண்டி_டோல் | 10:51
குரு, அவர் ரோட்ல நிக்கிறார். உங்க பதிவப் படிச்சிட்டு தாம்பரம் திரும்பிப் போய் முதல்லேர்ந்து கிளம்பணுமா?

சார், சார்ஜர் உடம்புல சிவப்பா காளான் மாதிரி, அவசரத்துக்கு நிறுத்தற பட்டன் ஒண்ணு இருக்கும். யாராவது குழந்தை அமுக்கி விட்டிருக்கும். அமுங்கி இருந்தா வலது பக்கமா திருகுங்க, வெளிய வரும்.

ஓம்விதி | 10:53
மழை பெஞ்சுதா அங்க?

மதுரக்காரன்_தாம்பரம் | 10:58
டிசி கன். வண்டி 40 யூனிட் பேட்டரி. 11% இருக்கு. வேலட்ல 900 இருக்கு. சிவப்பு பட்டன் அமுங்கல. மழை இப்பத்தான் விட்டுச்சு. பக்கத்து கன்ல ஒரு டாக்ஸிக்கு நல்லாத்தான் ஏறுது.

நொய்யல்கரை | 10:59
அட ஆண்டவா. பக்கத்துல ஏறுதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. அப்ப கரன்ட் இருக்குது, நெட் இருக்குது, மிஷின் உசுரோட இருக்குது. சிக்கல் உங்க கன்னுலயோ வண்டிலயோ.

பச்சைநம்பர் | 11:00
900 இருந்தாலும் ஜிஎஸ்டி 18% சேத்து முன்கூட்டியே பிடிக்கும், கவனிங்க.

நொய்யல்கரை | 11:00
விடுங்க பச்சை, அது பேலன்ஸ் இல்லீங்க.

விக்கிரவாண்டி_டோல் | 11:02
டாக்ஸி அண்ணன்கிட்ட கேட்டு கன்ன மாத்திப் பாருங்க. அந்தக் கன்ல உங்களுக்கு ஏறினா உங்க கன் கெட்டது. ஏறலைன்னா வண்டி.

மதுரக்காரன்_தாம்பரம் | 11:04
அவரு தூங்குறாரு. ஸ்க்ரீன்ல 96%னு காட்டுது. எழுப்பவா?

பச்சைநம்பர் | 11:05
96ஆ!! ஹைவே டிசில 80க்கு மேல போடறவங்கள என்ன பண்ணலாம்? 80 தாண்டினா பேட்டரியே வேகத்தக் குறைச்சிடும். கடைசி 20க்கே ரொம்ப நேரம் போயிடும். அந்த நேரத்துல இன்னொரு வண்டிக்கு வேலை முடிஞ்சிருக்கும்.

சவாரி_சரவெடி | 11:08
டாக்ஸி ஓட்றவன் பேசறேன். நீங்க 80ல எடுத்துட்டு வீட்ல போய் போட்டுக்குவீங்க. எனக்கு வீட்ல பார்க்கிங்கே கெடையாது. ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்கறதே சார்ஜர்லதான். 80ல எந்திரிச்சு வண்டிய நகத்தி வெச்சா எங்க போய்த் தூங்கறது?

பச்சைநம்பர் | 11:10
அதுக்கு க்யூல நிக்கிறவன் பொறுப்பா?

சவாரி_சரவெடி | 11:11
ரெண்டு கன் வெச்சவன் பொறுப்பு.

ஓம்விதி | 11:12
சண்டைய அப்புறம் போடுங்க. மதுரக்காரரே, ஸ்க்ரீன்ல என்ன எழுத்து வந்துச்சு? "ஐசோலேஷன்"னா கரன்ட் கசிவு, "கம்யூனிகேஷன்"னா வண்டியும் சார்ஜரும் பேசிக்கல, "லாக்"னா கன் பூட்டிக்கல. ஸ்டார்ட் ஆகி நிக்குதா, ஸ்டார்ட்டே ஆகலையா?

பழையடீசல் | 11:13
ஒரு டீசல் வண்டி எடுத்திருந்தா இந்நேரம் பெரம்பலூர் தாண்டியிருக்கலாம். தாய்மாமன் மடி காலியா இருக்கப் போகுது.

கொடைஏத்தம் | 11:15
இந்த பங்கு சார்ஜர்களை நம்பவே கூடாது. உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பி ஒரு லாட்ஜ்ல ரூம் போடுங்க. ஏசிக்கு 15 ஆம்பியர் பிளக் இருக்கும், கூட வந்த போர்ட்டபிள் சார்ஜரைச் சொருகுங்க. எர்த் இல்லாம சிவப்பு லைட் எரிஞ்சா கவலை வேண்டாம். ஒரு டாப் பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால இணைச்சு நடுவுல போட்டா பச்சை ஆயிடும். நான் எப்பவும் டிக்கில ஒண்ணு வெச்சிருக்கேன்.

ஓம்விதி | 11:17
யாரும் இதைச் செய்யாதீங்க. கொடை, அதைத் தூக்கிக் குப்பைல போடுங்க.

கொடைஏத்தம் | 11:18
ரெண்டு வருஷமா போடறேன். ஒண்ணும் ஆகல.

ஓம்விதி | 11:24
இன்னிக்கு வரைக்கும் நியூட்ரல் அறுந்து போகல, அவ்வளவுதான்.

லாட்ஜ் சாக்கெட்ல பேஸும் (கரன்ட் வர்ற வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போற வயர்) இடம் மாறி இருக்கறது ரொம்ப சகஜம். ஃபேனும் டிவியும் அப்படியும் ஓடும்கறதால எவனும் கவனிக்க மாட்டான். அதுல உங்க பிளக்கப் போட்டா, நீங்க எர்த்தோட சேத்திருக்கிறது நியூட்ரல் இல்ல, பேஸ். 230 வோல்ட் நேரா கார் பாடிக்கு வரும். மழைல வெறுங்காலோட ஒருத்தர் கதவத் திறந்தா என்ன ஆகும்?

சரி, வயரிங் ஒழுங்கா இருக்குன்னே வெச்சுக்குவோம். வழியில எங்கயாவது நியூட்ரல் விட்டுப் போனாலும் இதே கதைதான். சார்ஜர் வழியா வந்த கரன்ட்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லாம அந்தச் சின்ன வயர் வழியா பாடிக்கு வந்து நிக்கும். அந்தச் சிவப்பு லைட்ட ஏமாத்துறதும் காவல்காரனுக்கு மயக்க மருந்து குடுக்கறதும் ஒண்ணு.

சில இன்வர்ட்டர், ஜெனரேட்டர்ல பேஸ், நியூட்ரல் ரெண்டுமே எர்த்தோட ஒட்டாம மிதக்கும். அங்க இணைக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, அதுவும் தெரிஞ்சவன் செய்யணும். லாட்ஜ் பிளக்குக்கு அது கெடையாது.

கொடைஏத்தம் | 11:26
டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். நான் என்ன முட்டாளா?

ஈவி_குரு | 11:28
ஓம்விதி சொல்வது கொள்கையளவில் சரி. ஆனால் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இடத்தில் அது உடனே விழுந்துவிடும், எனவே ஆபத்து குறைவு.

ஓம்விதி | 11:29
ஆர்சிசிபி இருக்கற லாட்ஜா இருந்தா எர்த்தும் இருந்திருக்கும் குரு.

மதுரக்காரன்_தாம்பரம் | 11:31
அய்யா, நான் லாட்ஜ்க்கெல்லாம் போகல. கன்னப் பத்தி யாராச்சும் சொல்லுங்க. ஹெல்ப்லைன்ல பேசுனேன், மிஷின ரீபூட் பண்றேன்னாரு, பக்கத்து டாக்ஸிக்கும் நின்னுரும்னாரு, வேணாம்னுட்டேன். எரர் ஒவ்வொரு தடவையும் வேற வேற வந்துச்சு, போட்டோ எடுக்கல. ஒரு தடவ லாக்னு என்னமோ வந்துச்சு. ஸ்டார்ட்ன்னு வந்து கொஞ்ச நேரத்துல நின்னுருது. டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்ல, அது கேக்கல.

விக்கிரவாண்டி_டோல் | 11:33
அந்தச் சத்தம் கேக்கலைங்கறதத்தான் சார் முதல்ல எழுதணும்!

டிசி கேபிள் கனம். தொங்கற கனத்துக்கு கன் லேசா கீழ சாயும். வண்டி சாக்கெட்டுக்குள்ள இருக்கற லாக் பின் நேரா வந்து கன்னோட குழில உக்காரணும், சாஞ்சிருந்தா உக்காராது. லாக் ஆகலைன்னா வண்டியே வேண்டாம்னு சொல்லிடும். இந்தப் பக்கத்து பங்க்ல எனக்கு எத்தனையோ தடவ ஆகியிருக்கு.

கன்ன நல்லா உள்ள அழுத்தி, கேபிள ஒரு கையால தாங்கி, கன்ன லேசா மேல தூக்கிப் பிடிங்க. அப்படியே பிடிச்சிட்டு இன்னொருத்தர ஆப்ல ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. டக் கேக்கற வரைக்கும் விடாதீங்க.

ஈவி_குரு | 11:35
இது பாட்டி வைத்தியம். பல்வேறு பிழைச் செய்திகள் வருவது வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினிகள் குழம்பியிருப்பதன் அறிகுறி. வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரமாக எடுத்துச் சென்று, பத்து நிமிடம் தூங்கவிட வேண்டும். பிறகு முயலவும்.

ஓம்விதி | 11:36
மழைய மறந்துட்டீங்க. பவர் அனுப்பறதுக்கு முன்னாடி சார்ஜர் கேபிள்ல வோல்ட்டேஜ் ஏத்தி, எர்த்துக்குக் கசியுதான்னு சோதிக்கும். கன் தொங்கற கொக்கிக்கு மேல கூரை இல்லைன்னா தண்ணி உள்ள நிக்கும், சோதனைல ஃபெயிலாகி நின்னுடும். ஸ்டார்ட் ஆகி நிக்குதுன்னு அவரே சொல்றாரே. கன்ன வாய் கீழ இருக்கற மாதிரி பிடிச்சு உதறுங்க, காஞ்ச துணியால முகப்ப ஒத்தி எடுங்க. கம்பி, குச்சி எதையும் உள்ள விடாதீங்க.

பழையடீசல் | 11:37
டீசல் பங்க்ல கன்னத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆளே போட்டிருக்காங்க. சும்மா சொன்னேன்.

நொய்யல்கரை | 11:41
அந்த ஆளு சார்ஜர் பக்கமே வர மாட்டாருங்க, அதுதான் எனக்கு வேதனை. பெட்ரோல் கன்னுக்கு ஒரு பையன் நிப்பான், இதுக்கு ஒருத்தரும் இல்ல. 2023 மார்ச்ல மூணு அரசு எண்ணெய் கம்பெனிகளுக்கு 7,432 சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க 800 கோடி ஒதுக்கினாங்க, நல்ல காரியம்தான். வெச்ச பொறகு கன்னு நனையாம ஒரு தகரம் போடறது யாரு, கேபிளத் தாங்க ஒரு கொக்கி மாட்டறது யாருன்னுதான் கேக்கறேன்.

ஈவி_குரு | 11:44
ஆரம்ப நிலையில் இவை இயல்பு. பொறுமை வேண்டும்.

சவாரி_சரவெடி | 11:45
பொறுமைக்கு மீட்டர் போட்டா நான் இந்நேரம் பணக்காரன்.

மதுரக்காரன்_தாம்பரம் | 11:58
ஏறுது ஏறுது!! 27 கிலோவாட்ல ஏறுது. வண்டியப் பூட்டிட்டு டீ குடிச்சோம், வந்து துண்ட வெச்சுத் தொடச்சேன், வீட்ல தூக்கிப் பிடிச்சாங்க, நான் ஸ்டார்ட் பண்ணேன். டக்குன்னு கேட்டுச்சு. எல்லாருக்கும் நன்றி. வீட்ல பிடிச்சிட்டே நிக்கிறாங்க.

விக்கிரவாண்டி_டோல் | 11:59
சொன்னேன்ல!

ஓம்விதி | 11:59
தொடச்சதுக்கு அப்புறம்தானே ஏறுச்சு.

ஈவி_குரு | 12:01
பத்து நிமிடம் தூங்கவிட்டதன் பலன். மகிழ்ச்சி.

நொய்யல்கரை | 12:02
ஏனுங்க மதுரைக்காரரே, சத்தம் கேட்டாச்சுன்னா கைய விட்டுடலாமுங்க. லாக் விழுந்துருச்சு, இனி அதுவே பிடிச்சுக்கும். அம்மணிய உக்காரச் சொல்லுங்க.

பச்சைநம்பர் | 12:03
27தான் வருதுன்னா 60 கிலோவாட் மிஷின் ரெண்டு கன்னுக்கும் பிரிச்சுக் குடுக்குது. 96% டாக்ஸி எடுத்தா ஒருவேளை கூடும். எழுப்புங்க.

விக்கிரவாண்டி_டோல் | 12:06
சார், கைய விடச் சொல்லுங்க. 85 வரைக்கும் ஏத்தினா திருச்சி வரைக்கும் தாராளம், அங்க இன்னொரு தடவ போட்டுக்குங்க. மதுரைக்குள்ள போக வேண்டாம், மேலூர்லேர்ந்தே அழகர்கோயிலுக்கு ரோடு இருக்கு.

நொய்யல்கரை | 12:31
பாத்தீங்களா இல்லீங்களா? கைய விட்டாங்களா?

சவாரி_சரவெடி | ஞாயிறு காலை 6:15
அந்த அக்கா இன்னும் பிடிச்சிட்டுதான் நிக்கிறாங்களா?

கொடைஏத்தம் | ஞாயிறு காலை 7:40
நேத்து ராத்திரி சொன்னதுக்குப் பதில். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. டெஸ்டர்ல எரியற ஓட்டை எதுன்னு பாத்துட்டுத்தான் பிளக்கச் சொருகுறேன்.

ஓம்விதி | ஞாயிறு காலை 8:05
டெஸ்டர் பேஸ் எதுன்னு அந்த நிமிஷம் சொல்லும். ராத்திரி மூணு மணிக்கு நியூட்ரல் விட்டுப் போனா உங்கள எழுப்பிச் சொல்லாது. அதனாலதான் சார்ஜர்ல எர்த் இருக்கான்னு பாக்கற வேலைய மிஷின்கிட்ட குடுத்திருக்கு.

பழையடீசல் | ஞாயிறு காலை 9:20
முகூர்த்த நேரம் ஆச்சு. மடி வந்துச்சா?

மதுரக்காரன்_தாம்பரம் | ஞாயிறு மதியம் 1:12
மடில வெச்சாச்சு. 8:50க்குப் போய்ச் சேந்தோம். பையன் ஒரே அழுகை. கன்ன 40% வரைக்கும் பிடிச்சிருந்தாங்க, ரெண்டு நாளைக்கு என்கூடப் பேச மாட்டாங்களாம், உங்க பதில நான் திருச்சிலதான் பாத்தேன்.

இன்னொரு சந்தேகம். அக்கா வீட்ல 15 ஆம்பியர்ல போட்டா போர்ட்டபிள் சார்ஜர்ல சிவப்பு லைட்டே எரியுது, ஏறல. நேத்து ஒருத்தர் ஒரு பிளக்கப் பத்தி என்னமோ சொன்னாரே, அது எப்படிச் செய்யணும்?

ஓம்விதி | ஞாயிறு மதியம் 1:13
செய்யாதீங்க. சொருகினத உருவுங்க. அந்த சாக்கெட்ல மேல பெரிய ஓட்டைக்குப் பின்னாடி பச்சை வயர் வந்திருக்கா, எர்த் குழி எங்க இருக்கு, மெயின்ல ஆர்சிசிபி இருக்கா? எலக்ட்ரீசியன் வந்து பாக்கட்டும். அதுக்கு முன்னாடி சாக்கெட், மெயின் போர்டு ரெண்டையும் வெளியிலேர்ந்து படம் எடுத்துப் போடுங்க.

மதுரக்காரன்_தாம்பரம் | ஞாயிறு மதியம் 1:15
அப்புறம் போடறேன், பந்திக்குக் கூப்பிடுறாங்க.