‘ஒப்பந்ததாரர்’ என்று கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவர் என் தொழிலாளியா?

மைக்கறை (கேள்வி):

வணக்கம். சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூன்று வருடங்களுக்கு முன் பைண்டிங் வேலைக்கு ஒருவரை வைத்தபோது, இணையத்தில் கிடைத்த படிவத்தை எடுத்து, “இவர் தனி ஒப்பந்ததாரர், ஊழியர் அல்ல” என்ற வரியோடு கையெழுத்து வாங்கினேன். ஏமாற்றும் எண்ணம் இல்லை. விடுப்புக் கணக்கு, காப்பீடு என்று எழுதிக்கொண்டிருக்க நேரமும் ஆளும் இல்லையே என்ற பயம்தான்.

போன மாதம் ஆர்டர் குறைந்துவிட்டது. நாளை முதல் வர வேண்டாம் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் அவர் ஒரு புத்தகத்தின் அட்டைகளை அளவு தவறி வெட்டியிருந்தார். அத்தனையையும் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த நஷ்டத்துக்காகக் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தேன். இப்போது சம்பளம், முன்னறிவிப்புக் காலத்துக்கான தொகை, எடுக்காத விடுப்புக்குப் பணம் என்று மூன்றும் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்கு இதையெல்லாம் கேட்க உரிமை உண்டா? மூன்று நாட்களாகத் தூக்கமில்லை.

பதிவேடு (பதில்):

சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுவதே இருபத்திரண்டு வருடங்களாக என் தொழில். உங்கள் கேள்வியை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். “வேலைக்கு வைத்தபோது” என்கிறீர்கள். “சம்பளத்தை நிறுத்திவைத்தேன்” என்கிறீர்கள். ஒப்பந்ததாரருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவர் வேலையை முடித்துப் பில் கொடுப்பார், நாம் பணம் தருவோம்.

காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யார் சொன்னது? வெட்டும் இயந்திரம் யாருடையது? தனக்குப் பதிலாக இன்னொருவரை அவர் அனுப்பியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்களா? லீவு வேண்டுமென்றால் உங்களைக் கேட்டாரா? மாதா மாதம் ஒரே தொகைதானா? வேறு அச்சகங்களுக்கும் வேலை செய்தாரா? தொழிலாளர் அலுவலகமும் நீதிமன்றமும் இவற்றைத்தான் கேட்கும். தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் வேலை நடந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் ஏற்ற 198ஆம் பரிந்துரை சொல்கிறது. பிரிட்டனில் கார் கழுவித் துடைக்கும் தொழிலாளர்கள், தாங்கள் சுயதொழில் செய்பவர்கள் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2011இல் ஆட்டோகிளென்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர்கள் என்றே தீர்ப்பளித்தது.

சம்பளத்தை நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அட்டை வீணானது உங்களுக்கு வலிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் உழைத்து முடித்த நாட்களுக்கான பணம் அது; அந்த வீட்டில் அந்த மாத அரிசியும் வாடகையும் அதில்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, அதாவது 95ஆம் உடன்படிக்கை, சட்டமோ தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தமோ அனுமதித்த வகையில், அனுமதித்த அளவில்தான் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்கிறது. வேலை முடிந்தால் பாக்கியை நியாயமான காலத்துக்குள் தீர்க்கவும் சொல்கிறது. நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய விடும் நாடுகளிலும் அதற்கு வரம்பும் விசாரணையும் இருக்கும். முதலாளியே கோபத்தோடு உட்கார்ந்து போடும் கணக்கை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

முன்னறிவிப்பு நாட்களும் விடுப்புக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்த் தொழிலாளர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதே அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை, கடுமையான குற்றம் செய்யாத ஒருவரை நீக்கும்போது நியாயமான முன்னறிவிப்போ அதற்கு ஈடான தொகையோ தரச் சொல்கிறது. அதை ஏற்காத நாடுகள் ஏராளம். ஆனால் ஆர்டர் குறைந்தது அவருடைய குற்றமல்ல என்பதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.

நூல்கண்டு (பதில்):

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு தையல் கூடத்தில் வேலை செய்தேன். அங்கும் இதே போன்ற தாள்தான். வேலையை விட்டு நின்றபோது, “பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன்” என்றார்கள். பணத்தை எண்ணிய பிறகு போடுகிறேன் என்றேன். நான்கு மாதம் அலையவிட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு சிறு நோட்டு. வந்த நேரம், போன நேரம், கூடுதலாகத் தைத்த நேரம் எல்லாம் தினமும் அதில் குறித்திருந்தேன். அவர்களிடம் வருகைப் பதிவேடே இல்லை. அந்த நோட்டை வைத்துத்தான் பணம் கிடைத்தது. ஐயா, அவரை உங்கள் வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

பதிவேடு (பதில்):

நூல்கண்டு சொல்வதை முதலாளிகள் கவனிக்க வேண்டும். நேரக் கணக்கு எழுதுவது முதலாளியின் பொறுப்பு. அவர் எழுதவில்லை என்பதற்காகத் தொழிலாளி தன் பணத்தை இழக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் மவுண்ட் கிளெமென்ஸ் மண்பாண்டத் தொழிற்சாலை வழக்கிலேயே சொல்லிவிட்டது. தொழிலாளர்களுக்கும் ஒன்று: புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, சில இடங்களில் அது சில மாதங்கள்தான். சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாள் கடந்துவிடும்.

மைக்கறை:

கேட்டவற்றுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னது நான். இயந்திரம் என்னுடையது. மகளின் காதுகுத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டபோது ஒரு நாள் போதும் என்றவனும் நான்தான். மூன்று வருடத்தில் அவர் வேறெங்கும் போகவில்லை. நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. மற்ற இரண்டையும் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுத் திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். அவர் மனைவி காபி கொடுத்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. இன்னொன்று, மற்ற மூவரிடமும் அதே தாளில்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதை என்ன செய்வது?

பதிவேடு (பதில்):

அவர் வீடு தேடிப் போனதற்கு நன்றி. மூவருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள். வேலை, சம்பளம், சம்பள நாள், வேலை நேரம், வார விடுமுறை, விலகவும் நீக்கவும் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். கடிதத்தின் தேதி இன்றையதாகவே இருக்கட்டும். ‘சேர்ந்த நாள்’ என்ற இடத்தில் மட்டும் அவர்கள் முதன்முதலில் உங்கள் அச்சகத்துக்குள் வந்த நாளை எழுதுங்கள். பழைய வருடங்களைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்ததாகக் காட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.