வகுப்பறைத் திரையில் வளர்ந்த நாய்க்குட்டி: எங்கள் அனுபவங்கள்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

மெய்நிகர் செல்லப்பிராணியை, அதாவது செயலியில் திரைக்குள் மட்டுமே வாழும் பிராணியை, வகுப்பில் வளர்த்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற கல்வியாண்டிலிருந்து எங்கள் வகுப்பின் பெரிய திரையில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. வருகைப் பதிவு முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மனநிலைக்குரிய முகப்படத்தைத் தொடுவார்கள். பிறகு அன்றைய பொறுப்பாளர் இருவர் குட்டிக்கு உணவளித்து, குளிப்பாட்டி, விளையாட்டுக் காட்டுவார்கள். தன் மனம் சரியில்லை என்று என்னிடம் ஒருநாளும் சொல்லியிராத ஒரு சிறுவன், குட்டி வாலைத் தொங்கவிட்டிருந்த ஒரு காலையில், "அதுவும் ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது" என்றான். அந்த 'உம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. இடைவேளையில் அவனோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசினேன்.

ஆனால் ஒரு தவறும் நேர்ந்தது. விடுமுறை நாள்களில் குட்டியின் பசியையும் களைப்பையும் நிறுத்திவைக்கும் வசதி அந்தச் செயலியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் திரையைத் திறந்தபோது அது காய்ச்சலில் சுருண்டு கிடந்தது. கடைசி நாள் பொறுப்பாளராக இருந்த சிறுமியை நோக்கி வகுப்பு முழுவதும் விரல் நீட்டியது. அவள் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பரிவைப் பழக்குவதற்காக நான் கொண்டுவந்த கருவி, அரை நிமிடத்தில் பழி சுமத்துவதைப் பழக்கிவிட்டது. பிழை என்னுடையது என்று வகுப்பின் முன் சொல்லி, அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர்கூட மன்னிப்புக் கேட்பார்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பள்ளி மனநல ஆலோசகர் ஒருவர் எழுதியது:

தாங்கள் சொல்லும் சிக்கல் பழையதுதான். 1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் தமகோச்சி என்ற மெய்நிகர் செல்லப்பிராணியை வெளியிட்டபோது, மூன்றே பொத்தான்கள் கொண்ட அந்த முட்டை வடிவப் பொம்மை பாடவேளையிலும் ஒலியெழுப்பி அழைத்ததால் பல பள்ளிகள் அதைத் தடைசெய்தன. கவனிக்காமல் விட்டால் அது இறந்துவிடும் என்ற அச்சமே பிள்ளைகளை அதனோடு கட்டிப்போட்டது. வகுப்பறைக்கு அந்த அச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆகவே நோய், இறப்பு இரண்டையும் அணைத்து வைக்க முடிகிற செயலியை மட்டுமே நான் பரிந்துரைக்கிறேன்.

தன் உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு இணங்கிப் பழகவும் கற்பதைச் சமூக-உணர்வுக் கற்றல் என்கிறோம். அதில் தன்னறிதல், தன்னை நெறிப்படுத்துதல், பிறரைப் புரிந்துகொள்ளுதல், உறவுத்திறன், பொறுப்பான முடிவெடுத்தல் என்று ஐந்து திறன்களைக் குறிப்பிடுவதுண்டு. தனியாக ஒரு பிராணியை வளர்க்கும் பிள்ளைக்கு முதல் இரண்டில் ஓரளவு பயிற்சி கிடைக்கலாம். உறவுத்திறனுக்கு இன்னொரு பிள்ளை பக்கத்தில் இருந்தாக வேண்டும். இருவருக்கு ஒரு டேப்லெட் என்று நான் கொடுத்த நாளில், முதலில் குளிப்பாட்டுவதா விளையாடுவதா என்று இரண்டு சிறுவர்கள் பத்து நிமிடம் வாதாடினார்கள். திரையிலிருந்த பூனை பசியோடு காத்திருந்தது. நான் குறுக்கிடவில்லை. கடைசியில் ஒருவன், "நாளைக்கு உன் இஷ்டம், இன்றைக்கு என் இஷ்டம்" என்று உடன்பாட்டுக்கு வந்தான்.

ஒரு தாய் எழுதியது:

என் மகன் வகுப்பில் இப்படியொரு முயலை வளர்க்கிறான். சென்ற வாரம் அவனுடைய தங்கை அழுதபோது, ஒரு பொம்மையை அவள் கையில் திணித்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அழுகையை நிறுத்தவில்லை. "முயலுக்குக் கொடுத்தால் உடனே சிரிக்கிறதே, இவள் ஏன் சிரிக்கவில்லை?" என்று என்னிடம் கோபமாகக் கேட்டான். இதை ஆசிரியரிடம் சொல்வதா என்று தயங்குகிறேன். இன்னொரு ஐயமும் உண்டு: பிள்ளைகள் அன்றாடம் தொடும் அந்த முகப்படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

தயங்காமல் சொல்லுங்கள், அம்மா. ஆசிரியருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டிய செய்தி. தங்கள் பதிவைப் படித்த மறுநாள் எங்கள் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன்: குட்டி வாடியிருந்தால், எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன் பொறுப்பாளர் இருவரும் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். முகப்படங்களைப் பொறுத்தவரை, அவை வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி பெரிய திரையில் இருந்ததே சரியில்லை என்று இப்போது படுகிறது. அதை நிறுத்திவிட்டேன், பிள்ளைகள் என் மேசையிலுள்ள அட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்கள், அது எங்கும் பதிவாவதில்லை.