ஓடுற மோட்டார் தானா நிக்குது, யாராவது வழி சொல்லுங்களேன்

ஆத்தங்குடியில அப்பச்சியோட டைல்ஸ் பட்டறை. கல்லை ஊறப்போடுற தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரை ஃபோன்லேர்ந்தே போட ஈஎஸ்பி8266-ங்குற வைஃபை போர்டு வச்சிருக்கேன். மெசேஜ் போறது எம்க்யூடிடி முறையில, நடுவுல புரோக்கர்ங்குற சர்வர் வழியா. க்யூஓஎஸ் 1 (ஒரு தடவையாவது சேரும்), க்ளீன் செஷன் ஃபால்ஸ் (கனெக்‌ஷன் அறுந்தாலும் சேராத மெசேஜை புரோக்கர் வச்சிருக்கும்).

மோட்டார் கிளம்புற நொடியில வோல்டேஜ் இறங்கி வைஃபை அறுந்துடுது. 'மெசேஜ் கிடைச்சுது'ங்குற பதில் (பப்அக்) புரோக்கருக்குப் போய்ச் சேரலை. மறுபடி கனெக்ட் ஆனதும் அதே மெசேஜ் திரும்ப வருது. நான் எழுதினதோ டாகிள், அதாவது மெசேஜ் வந்தா ஓடுறதை நிறுத்தும், நின்னதை ஓட்டும்! ஓடுன மோட்டார் நின்னுடுது. 'ஒரு தடவையாவது சேரும்'னா ரெண்டு தடவையும் சேரும்னு இப்பத்தான் உறைக்குது. "சுவிட்சே தேவலைடா"ங்குறாக அப்பச்சி.

க்யூஓஎஸ் 2 (சரியா ஒரே தடவை சேரும்) போடலாம்னா, போர்டுல நான் போட்டிருக்குற பப்சப்கிளையன்ட் லைப்ரரி 1-க்கு மேல சப்ஸ்க்ரைப் பண்ணாது. லைப்ரரியை மாத்தவா? இல்லை, ஆன், ஆஃப்னு தனித்தனியா அனுப்பி, மெசேஜுக்கு ஒரு நம்பர் போட்டு, பார்த்த நம்பரைத் தள்ளிடவா? போர்டு ரீசெட் ஆனா அந்த நம்பரை எங்க வைக்கிறது?