‘சாரி, ராங் நம்பர்’: வானொலியில் இருந்த அச்சம் படத்தில் ஏன் குறைகிறது?

கேள்வி

அனாடோல் லிட்வாக் இயக்கி 1948-இல் வெளிவந்த ‘சாரி, ராங் நம்பர்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். அதற்கு மூலமான வானொலி நாடகத்தை, அதாவது ‘சஸ்பென்ஸ்’ தொடரில் 1943 மே 25 அன்று ஒலிபரப்பான பதிவை, முன்பே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் எழுதியவர் லூசில் ஃபிளெட்சர்தான். நோயாளியாகப் படுத்திருக்கும் ஒரு பெண், கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயலும்போது வேறொரு இணைப்பு குறுக்கிட்டு (கிராஸ் டாக்), அன்றிரவு 11.15 மணிக்கு ரயில் பாலத்தைக் கடக்கும் இரைச்சலில் அலறல் அமுங்கிவிடும்படி ஒரு பெண்ணைக் கொல்வது பற்றி இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டுவிடுகிறாள். அரை மணி நேர நாடகத்தைக் கேட்டபோது உறைந்துபோனேன். ஒன்றரை மணி நேரப் படத்திலோ, பழைய நிகழ்ச்சிகள் ஒன்றுக்குள் ஒன்றாக விரியத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அந்தக் காட்சிகள் கதைக்குத் தேவைதானா, நீளத்துக்காகச் சேர்க்கப்பட்டவையா? பதில்களில் முடிவும் பேசப்படும் என்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

பதில் 1

நாடகம் டயல் சுழலும் ஓசையோடும், அதைத் தொடரும் ‘எங்கேஜ்டு’ ஒலியோடும் தொடங்குகிறது. அந்தக் கணத்திலிருந்து நாமும் அவளும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம். மறுமுனையில் பேசுபவர்களை அவளால் பார்க்க முடியாது, நம்மாலும் முடியாது. முதலில் சிடுசிடுப்பும் குறைகூறலுமாக ஒலிக்கும், அவளாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல், கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சலாகி, கடைசியில் சொற்களே இல்லாத அலறலாகிறது. அவளிடம் பேசும் ஆபரேட்டரும் காவலரும் கெட்டவர்கள் அல்லர். தத்தம் வேலையை விதிப்படி செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் உதவி வந்துசேர்வதில்லை. என்னை மிகவும் நடுங்க வைப்பது அந்த மரியாதையான குரல்கள்தாம். படம் அந்த அறையைக் காட்டிய உடனேயே இந்தச் சமநிலை கலைந்துவிடுகிறது. ஆகவே திரைக்கதைக்கு வேறொரு புதிர் தேவைப்பட்டிருக்கிறது. குறிவைக்கப்பட்ட பெண் யார் என்பதைவிட, அவளை ஏன் கொல்ல நினைக்கிறார்கள் என்பதையே அது தேடிப்போகிறது.

பதில் 2

நீளத்துக்காகச் சேர்த்தவை என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவர் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் நாயகி லியோனாவின் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை, நோய் மனத்தில்தான் இருக்கிறது என்று அவர் கணவனிடம் தெரிவித்திருக்கிறார். அதை அவளோ அன்றிரவுதான், அதுவும் தொலைபேசியில், அறிகிறாள். இதற்குப் பிறகு முடிவைப் பாருங்கள். கொலைக்கு உடன்பட்ட கணவனாக வரும் பர்ட் லங்காஸ்டர், பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றபடி, எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கத்து என்று மனைவியிடம் மன்றாடுகிறார். அவளுக்கோ கால் எழவில்லை. வானொலியில் அவள் வெறும் நோயாளி. படத்திலோ, எழுந்திருக்கக்கூடிய உடல் எழ மறுக்கிறது, அந்தக் கொடுமையை முன்கதை இல்லாமல் உணர்த்தியிருக்க முடியாது. மாமனாரின் மருந்து நிறுவனத்திலிருந்து பொருள்களைத் திருடும் பகுதி நீண்டுவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அக்கால ஹாலிவுட் தணிக்கை நெறிகளின்படி குற்றவாளி தப்பிவிடக் கூடாது. கூண்டில் பேசிக்கொண்டிருக்கும் கணவனைக் காவலர்கள் நெருங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வானொலியில் அந்த ஆறுதலும் இல்லை.

பதில் 3

லியோனாவாக வரும் பார்பரா ஸ்டான்விக்கின் நடிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மருந்துப் புட்டிகளுக்கு நடுவே, பெரும்பாலும் படுக்கையை விட்டு இறங்காமல், முகத்தாலும் ரிசீவரைப் பற்றிய கையாலும் மட்டுமே அத்தனை பயத்தையும் கொண்டுவருகிறார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்த நான்காவது முறை அது. பின்னர் 1950-இல் அவரும் லங்காஸ்டரும் இதே கதையை ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ நிகழ்ச்சிக்காக நடித்தார்கள். வானொலியிலிருந்து திரைக்குப் போன கதை இப்படி வானொலிக்கே திரும்பியது. அதையும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் இரண்டின் கடைசி நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இரண்டிலும் தலைப்புச் சொற்களைச் சொல்பவன் கொலைகாரன்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றை யாரிடம் சொல்கிறான் என்பதை இதுவரை கவனிக்கவில்லை. நாடகத்தில், அவள் கூப்பிட்ட காவல் நிலையம் மறுமுனையில் வந்து சேரும்போது, அந்தக் காவலரிடம் சொல்கிறான். படத்திலோ, கொலைக்கு உடன்பட்டுவிட்டு அதைத் தடுக்கத் துடிக்கும் கணவனிடமே சொல்கிறான். அந்த ஒரு மாற்றத்துக்காக மருந்து நிறுவனப் பகுதியின் நீளத்தையும் பொறுத்துக்கொள்கிறேன்.