தாத்தாவின் பெயரில் திறந்த வைஃபை

குழு: நம் குடும்பம்
வியாழக்கிழமை

பெரியப்பா, மாலை 6:40
அனைவருக்கும் வணக்கம். நானும் உங்கள் அத்தையும் கோயம்புத்தூர் விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நாளைக் காலை 8 மணிக்குக் கண் அறுவை சிகிச்சை. அறையில் வைஃபை குறி முழுமையாகத் தெரிகிறது, ஆனால் ஒரு செய்தியும் போகவில்லை. இதை மொபைல் டேட்டாவில்தான் அனுப்புகிறேன். இரவு பேத்தியோடு வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இந்த டேட்டா போதாது.

நான், மாலை 6:46
பெரியப்பா, அந்தக் குறி உங்கள் போனுக்கும் நடைக்கூரையில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்கும் இடையே சிக்னல் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கு அப்பால், விடுதிக்குள்ளேயே, கேட்வே என்ற வாயில் ஒன்று இருக்கிறது. நீங்கள் யார் என்று தெரியும்வரை அது எதையும் வெளியே விடாது. விடுதிகளில் நான் செய்யும் வேலையே இதுதான். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வாயிலைப் பற்றியவை. பெயரும் அறை எண்ணும் கேட்கும் பக்கம் ஏதாவது வந்ததா?

பெரியப்பா, மாலை 6:49
வரவில்லை. பிரவுசரில் வங்கியின் பக்கத்தைத் திறந்தேன். இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கை வந்ததும் மூடிவிட்டேன்.

நான், மாலை 6:57
மூடியது மிகவும் சரி. வங்கியின் பக்கம் பூட்டிய உறையில் வரும் கடிதம் போன்றது. இடையில் நிற்கும் வாயில் அதற்குப் பதிலாகத் தன் பக்கத்தை நீட்டினால், முத்திரை பொருந்தவில்லை என்று பிரவுசர் எச்சரிக்கும். இதற்காகவே போன் வேறொரு வழி வைத்திருக்கிறது. வைஃபையில் சேர்ந்தவுடன் அது நமக்குத் தெரியாமல், பூட்டில்லாத ஒரு சிறு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளிடமிருந்து 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வர வேண்டும். ஐபோன் என்றால் ஆப்பிளிடமிருந்து 'சக்சஸ்' என்ற ஒரு சொல் வர வேண்டும். அதற்குப் பதிலாக விடுதியின் பக்கம் வந்தால், வாயிலில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று புரிந்துகொண்டு போன் அந்தப் பக்கத்தை நமக்குக் காட்டும். விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் செயலி) அல்லது பிரைவேட் டிஎன்எஸ் (இணைய முகவரிகளைத் தேட நாமே ஒரு சேவையைக் குறித்து வைக்கும் அமைப்பு) இயங்கினால் இந்தச் சோதனை தடைபடலாம். உங்கள் போனில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

தங்கை, மாலை 7:01
அண்ணா, விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பெரியப்பாவின் போனில் பிரைவேட் டிஎன்எஸ் அமைத்தது நான்தான். பெரியப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அதை 'ஆஃப்' என்று மாற்றிவிட்டு, வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பெரியப்பா, மாலை 7:08
பக்கம் வந்துவிட்டது. அறை எண்ணும் 'லாஸ்ட் நேம்' என்பதும் கேட்கிறது. என் பெயரை மூன்று முறை இட்டேன், தவறு என்கிறது. முன்னெழுத்தைச் சேர்த்தும் பார்த்தேன்.

நான், மாலை 7:15
அந்தப் பக்கம் தானாக முடிவெடுப்பதில்லை, பெரியப்பா. நீங்கள் எழுதியதை வரவேற்பு மேசையின் பதிவு மென்பொருளுக்கு அனுப்பி, அந்த அறையில் அந்தப் பெயரில் ஒருவர் தங்கியிருக்கிறாரா என்று கேட்கிறது. குடும்பப்பெயர் உள்ளவர்களை மனத்தில் வைத்து வகுத்த படிவம் அது. நமக்கு இருப்பதோ முன்னெழுத்து. அதை விரித்தால் தகப்பனார் பெயர். மேசையில் இருப்பவர் ஆவணத்தைப் பார்த்து எதை எந்தக் கட்டத்தில் எழுதினாரோ அதுதான் அங்கே உங்கள் பெயர். நம் ஊர் விடுதிகளில் இந்தப் படிவத்தை அப்படியே வைப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அறை எண்ணோடு போன் எண்ணைக் கேட்டாலே போதும். என்ன ஆவணம் கொடுத்தீர்கள்?

பெரியப்பா, மாலை 7:17
பாஸ்போர்ட்.

நான், மாலை 7:18
அப்படியென்றால் தாத்தாவின் பெயரை, பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளிலேயே இட்டுப் பாருங்கள்.

பெரியப்பா, மாலை 7:22
திறந்துவிட்டது.

அத்தை, மாலை 7:25
அப்பாவின் பெயரைச் சொல்லி உள்ளே போகிறோம் என்று அண்ணன் இரண்டு முறை சொல்லிவிட்டார். என் போனிலும் அதையே இட வேண்டுமா?

நான், மாலை 7:31
ஆம், அத்தை. வாயில் ஆளை நினைவில் வைப்பதில்லை; போனின் மேக் முகவரியை, அதாவது வைஃபையில் போன் தன்னை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்துக்கொண்டு, அறையைக் காலி செய்யும் நேரம்வரை அதை உள்ளே விடும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 14 முதல், நம்மைப் பின்தொடராமல் இருப்பதற்காகப் போன்களே மாற்று முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறினால் நீங்கள் புது விருந்தினர். பெயரை மறுபடியும் கேட்கும்.

மதினி, மாலை 7:36
தம்பி, சிங்கப்பூரிலிருந்து அடுத்த வாரம் வருகிறேன். போன முறை நான் தங்கிய விடுதியில் இந்தியப் போன் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும் என்றார்கள். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

நான், மாலை 7:44
மதினி, 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய பூட்டப்படாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அதன்பின் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையைப் பயன்படுத்துபவர் யார் என்று பதிவாக வேண்டும் என்று அறிவுறுத்தியது. வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி வராவிட்டால், பாஸ்போர்ட்டைக் காட்டித் தனிக் கடவுச்சொல் தர முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

அத்தை, மாலை 7:50
மருத்துவமனைக்குப் பணம் அனுப்ப வேண்டும். இதில் அனுப்பலாமா? பேத்தியின் படத்தை அறையில் இருக்கும் டிவியிலும் போடப் பார்த்தேன், டிவி தெரியவில்லை.

நான், இரவு 8:02
டிவி தெரியாதது நல்லதற்கே. ஒரு விருந்தினரின் கருவி மற்றொருவருடையதைப் பார்க்காதபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் பக்கத்து அறைக்காரர் உங்கள் போனைத் தேட முடியும். பணத்திற்கு மொபைல் டேட்டாவையே பயன்படுத்துங்கள். வங்கிச் செயலி தனக்கென்று பூட்டு வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் வைஃபைக்கே கடவுச்சொல் இல்லாத இடத்தில், பெயர் கேட்கும் பக்கம் காற்றில் போகும் எதையும் பூட்டுவதில்லை. விடுதி வைஃபையின் பெயரிலேயே வேறொருவர் போலி வைஃபை வைத்தாலும் நமக்குத் தெரியாது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டார்க்ஹோட்டல்' என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவின் பெரிய விடுதிகளில் தங்கிய நிறுவன அதிகாரிகள், உங்களைப் போலவே பெயரும் அறை எண்ணும் இட்டு உள்ளே போனவுடன், அடோபி ஃபிளாஷ் போன்ற மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருப்பதாக உளவாளிகள் திரையில் காட்டியிருக்கிறார்கள். தொட்டவர்களின் கணினியில் உளவு மென்பொருள் இறங்கியது. அதனால் விடுதி வைஃபையில் இருக்கும்போது எதைப் புதுப்பிக்கச் சொன்னாலும், தயவுசெய்து, வீட்டுக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

பெரியப்பா, இரவு 9:10
பேத்தியோடு பேசிவிட்டோம். நடுவில் சிறிது நின்று நின்று வந்தது.

நான், இரவு 9:13
விடுதிக்கு வரும் ஒரே இணைப்பை எல்லா அறைகளும் பங்கிடும் நேரம் இது, பெரியப்பா. காலையில் சீராக இருக்கும்.

பெரியப்பா, இரவு 9:20
சாப்பிடப் போகும்போது வரவேற்பு மேசையில் சொன்னேன். அந்தப் பிள்ளை வருத்தப்பட்டு, என் பெயருக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை வரை அப்பாவின் பெயரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.